கொடை என்றால் என்ன? நெல்லைச் சீமைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், பூர்வீகம் இங்கே இருந்தும் சென்னையிலோ மும்பையிலோ வளர்ந்துவிட்ட பிள்ளைகள், இவர்கள் எல்லோர் காதிலும் சீக்கிரமே விழுந்துவிடும் சொல் ‘கொடை’. “செவ்வாக்கிழமை லீவு வேணும் சார், ஊர்ல கொடை” என்பார் கூட வேலை பார்ப்பவர். “கொடைக்கு எப்ப வந்திய?” என்று பஸ்ஸில் ஒருவர் இன்னொருவரைக் கேட்பார். கோயம்புத்தூர்க்காரருக்குக் கொடை என்றால் கொடைக்கானல். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவருக்குக் கர்ணனும் பாரியும் நினைவுக்கு வருவார்கள். குடையையும் பேச்சில் ‘கொடை’ என்றே சொல்வதால் மழைக்காலத்தில் இன்னும் குழப்பம். இந்தச் சீமையில் அது ஊர்த் தெய்வத்துக்கு ஊரே சேர்ந்து எடுக்கும் பெரிய வழிபாடு.

‘திருவிழா’ என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவிழா என்று நினைத்து வருகிறவர் மேளத்தையும் லைட்டையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கொடு என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர், இங்கே யார், யாருக்கு, என்ன கொடுக்கிறார்கள் என்று கவனிப்பார். அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் கொடையைச் சுற்றியிருக்கிற மற்றச் சொற்களெல்லாம் தானாகப் பிடிபடும்.

எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது

முதல் வேலை, இந்தச் சொல்லின் எல்லையைத் தெரிந்துகொள்வது. பழைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. சொல் பிரியவில்லை. மூன்று மாவட்டத்திலும், தெற்கே கன்னியாகுமரியிலும் கொடை கொடைதான். மதுரை தாண்டிவிட்டால் இந்தப் பொருளில் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும்.

எல்லாச் சாமிக்கும் கொடை கிடையாது. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன், பேச்சியம்மன், உச்சினிமாகாளி போன்ற ஊர்த் தெய்வங்களுக்குத்தான் கொடை. நெல்லையப்பர் கோயிலில் ஆனி மாதம் நடப்பது தேரோட்டம். அதை யாரும் கொடை என்று சொல்லமாட்டார்கள். சங்கரன்கோவிலில் நடப்பது ஆடித்தபசு. குலசேகரன்பட்டினத்தில் இருப்பது முத்தாரம்மன்தான், ஆனால் அங்கே புரட்டாசியில் வேஷம் கட்டிக்கொண்டு போவது தசராவுக்கு. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் அது சாஸ்தாவுக்கு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் கூடுவது ஆடி அமாவாசைக்கு. இதே சீமையில் சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடுவது அசனம், பொட்டல்புதூர் தர்காவில் நடப்பது கந்தூரி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயர் உண்டு. பெயரை மாற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் சரியாகச் சொன்னால் முகம் மலரும்.

நோட்டீஸைக் கையில் வாங்கி வாசியுங்கள்

கொடைச் சொற்களைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. மஞ்சளிலோ ரோஸிலோ ஒரு தாள். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும், வீட்டு வாசலிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேலே சாமி படம். அதன் கீழே ‘அருள்மிகு’ போட்டுக் கோயில் பெயர், ‘கொடை விழா அழைப்பிதழ்’. பேச்சில் வெறும் கொடை, அச்சில் வரும்போது மட்டும் விழா என்ற வால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தமிழ் வருஷம், மாதம், தேதி. கிழமையைப் பாருங்கள். அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் செவ்வாய், சுடலை கோயில் என்றால் பெரும்பாலும் வெள்ளி. மாதம் ஊருக்கு ஊர் மாறும். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி மாதங்களில் நோட்டீஸ் அதிகம் வரும்.

அதற்கும் கீழே நிகழ்ச்சி நிரல். இதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு, மதியக் கொடை, சாமக் கொடை, மஞ்சள் நீராட்டு, எட்டாம் கொடை என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே வில்லிசை யார், நையாண்டி மேளம் யார், கரகாட்டம் யார், எந்த ஊர் என்று போட்டிருப்பார்கள். அன்னதானம் யார் உபயம், பூ அலங்காரம் யார் உபயம் என்றும் இருக்கும். கடைசியில் ‘இப்படிக்கு’ என்று போட்டு வரிதாரர்கள், ஊர்ப் பொதுமக்கள். சில கோயில்களில் அக்தார் என்று ஒருவர் பெயர் இருக்கும். பரம்பரையாகக் கோயில் உரிமை உள்ள குடும்பத்துக்காரர் அவர்.

இந்த ‘வரிதாரர்’ முக்கியமான சொல். கோயிலுக்கு வரி கட்டுகிறவர் என்று அர்த்தம். கல்யாணமாகித் தனிக்குடும்பம் ஆனவர் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். பெங்களூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் வரி வந்துவிடும். வரி கொடுப்பது அந்தக் கோயிலில் தனக்கு இடம் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். “அவங்க நம்ம கோயில் வரி” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், சொந்தத்தையே சொன்ன மாதிரி.

கொடையின் வரிசை

நோட்டீஸில் பார்த்த பெயர்களை இப்போது நேரத்தோடு பொருத்துங்கள்.

கால்நாட்டு, கொடைக்கு ஒரு வாரம் முன்பு. கல்யாணப் பந்தக்கால் மாதிரி ஒரு காலை அலங்கரித்துக் கோயில் முன்னால் ஊன்றுவார்கள். அதோடு கொடை உறுதி. சாமியாடுகிறவர்கள் விரதம் தொடங்கிவிடுவார்கள். கால்நாட்டிய பிறகு வெளியூரில் போய் இராத் தங்கக் கூடாது என்ற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. அதனால் அந்த வாரத்தில் உங்கள் கூட வேலை பார்ப்பவரை வெளியூர் டூட்டிக்கு வற்புறுத்தாதீர்கள்.

குடியழைப்பு, கொடைக்கு முந்தின இரவு. சாமிகளைக் கொடைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவது. ஒரு கோயிலில் ஒரு சாமி மட்டும் இருப்பதில்லை. சுடலை கோயில் என்றால் பேச்சி, பிரம்மசக்தி, முண்டன் என்று கூட்டமாக இருப்பார்கள். எல்லோருக்கும் அழைப்பு உண்டு. மாக்காப்பு என்பது சாமிக்கு மஞ்சளும் மாவும் குழைத்துச் சாத்துவது.

மறுநாள் உச்சி வேளையில் மதியக் கொடை. நள்ளிரவில் சாமக் கொடை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘முத்தாரம்மன் கோயில் கொடை’ என்னும்போது அந்தச் சொல் கால்நாட்டிலிருந்து முடிவு வரைக்கும் முழுவதையும் குறிக்கிறது. ‘மதியக் கொடை’, ‘சாமக் கொடை’ என்னும்போது அந்த ஒரு வேளை வழிபாட்டை மட்டும் குறிக்கிறது. “கொடை எப்பங்க?” என்று கேட்டால் கிழமையைச் சொல்வார்கள். “மதியக் கொடை எத்தனை மணிக்கு?” என்று கேட்டால்தான் நேரம் கிடைக்கும். அடுத்த வாரம் அதே கிழமையில் நடக்கும் பூஜைக்கு எட்டாம் கொடை என்று பெயர். சில ஊர்களில் எட்டாம் பூஜை என்பார்கள்.

மஞ்சள் நீராட்டுக்கு நல்ல சட்டையில் போகாதீர்கள்.

சாமக் கொடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுடலை கோயிலில் பெரும்பாலும் சிலை இருக்காது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, மேலே போகப் போகக் குறுகி, வெள்ளையடித்து நிற்பது பீடம். ஊர்ப் பேச்சில் பூடம். அதற்கு மாலை சாத்தி, சந்தனம் பூசியிருப்பார்கள். முன்னால் படப்பு. சோறு, முட்டை, மீன், கறி, பழம் என்று அந்தச் சாமிக்குப் பிடித்ததையெல்லாம் குவித்துப் போடுவது படப்பு. படையல் என்றாலும் புரியும், ஆனால் ஊர்க்காரர் வாயில் வருவது படப்புதான். நேர்ந்து விட்ட கிடா ஒரு பக்கம் நிற்கும். சைவச் சாமி பக்கத்தில் இருந்தால் கிடா வெட்டும் நேரத்தில் அந்தச் சாமிக்குத் திரை போட்டுவிடுவார்கள். 1950-ல் வந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-ல் அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஊரில் ‘பலி’ என்ற சொல்லைக் குறைவாகத்தான் கேட்பீர்கள். கிடா வெட்டு என்பார்கள், நேர்ச்சை என்பார்கள். “எம்மவனுக்கு உடம்பு சரியாயிட்டா கிடா தாரேன்னு நேந்துக்கிட்டேன்” என்று ஒரு தாய் சொல்லும்போது, அது வாங்கின கடனைத் திருப்புகிற பேச்சு.

சாமியாடுகிறவருக்குக் கோமரத்தாடி என்று பெயர். சாமி கொண்டாடி என்றும் சொல்வார்கள். சுடலைக்கு ஆடுகிறவர் சல்லடம் என்ற குட்டைக் காற்சட்டை கட்டி, கையில் வல்லயம் என்ற ஈட்டியோ அரிவாளோ பிடித்திருப்பார். அவர் மேல் சாமி இறங்கினால் “ஆராசனை வந்துட்டு” என்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இல்லை, சாமி. நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட பெரியவர்களும் அவர் முன்னால் கைகட்டி நின்று திருநீறு வாங்குவார்கள். சாமி அவரை விட்டுப் போன பிறகு அதே ஆளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து, “உக்காருடே” என்பார்கள்.

நள்ளிரவுக்கு மேல் சுடலை, தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போவது மயான வேட்டை. பல ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் அந்தப் பாதையில் நிற்கமாட்டார்கள். நீங்களும் பின்னாலேயே போகாதீர்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்கவும் வேண்டாம்.

பாட்டில் அந்தச் சொல் வரும் இடம்

வில்லுப்பாட்டு நடக்கும்போது பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். சொல்லைக் கற்க வந்தவர் உட்கார வேண்டிய இடம் அது. வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, வீசுகோலால் நாணில் அடித்துப் பாடுகிறவர் புலவர். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. கதை சுடலைமாடனுடையது என்றால் கைலாயத்தில் தொடங்கும். பிள்ளை வரம் கேட்ட பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்துகிறாள், பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை இராத்திரியில் எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது, அதனால் பூமிக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து மலையாள தேசம் வரைக்கும் கதை போகும்.

ஊருக்கு ஊர், கதைக்குக் கதை நிகழ்ச்சிகள் வேறுபடும். ஆனால் பல சாமி கதைகளில் ஒரு கட்டம் பொதுவாக வரும். சாமி ஓர் ஊருக்கு வந்து நிற்கும். ஊரில் நோயோ சாவோ விழும். காரணம் தெரியாமல் குறி கேட்பார்கள். எனக்கு ஒரு நிலையம் போட்டு, பூடம் கட்டி, கொடை கொடுங்கள் என்று சாமி கேட்கும். ஊர் கொடுக்கும், சாமி காவலாக நிற்கும். அந்த இடத்தில் ‘கொடை’ என்ற சொல் புலவர் வாயில் எப்படி விழுகிறது என்று கேளுங்கள். கேட்டு வாங்குவதும், பேசிக் கொடுப்பதும், கொடுத்தால் காப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. கர்ணன் கொடுத்தது போல மேலே இருந்து கீழே கொடுப்பது இல்லை இது. சாமியும் ஊரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஊர் தன் பங்கை வருஷந்தோறும் செலுத்துகிறது.

கதை முற்றும்போது வரத்துப் பாட்டு வரும். சாமியை வரவழைக்கிற பாட்டு. வேகம் கூடும், குடத்தின் அடி கூடும், கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் துள்ளி எழுவார்.

சுடலை கோயில்களில் கணியான் கூத்தும் பார்க்கலாம். மகுடம் என்ற தோற்கருவி இரண்டை அடித்துக்கொண்டு, அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். இதில் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. கணியான் தன் கையைக் கீறி வரும் இரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பார். ஊர் வரி கொடுக்கிறது, தாய் கிடா கொடுக்கிறாள், பாட்டுக்காரர் தன் இரத்தத்தையே கொடுக்கிறார். அதைப் பார்த்த பிறகு ‘கொடை என்றால் திருவிழா’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எந்த வினையோடு சேர்ப்பது

இனி வாயில் போட்டுப் பழகுங்கள். “எங்க ஊர்ல வர்ற செவ்வா கொடை வச்சிருக்கு” என்று தேதி சொல்வார்கள். “இந்த வருஷம் நல்லா கொடுத்துட்டோம்” என்றால் கொடை குறைவில்லாமல் நடந்தது. நடத்துவது, எடுப்பது, கழிப்பது என்றும் சொல்வார்கள். ‘கொடை கொண்டாடுகிறார்கள்’ என்று செய்தித்தாளில் எழுதலாம், ஆனால் வீட்டுப் பேச்சில் அது ஒட்டாது. “கொடை பாக்கப் போறேன்” என்றால் நீங்கள் விருந்தாளி. “கொடைக்குப் போறேன்” என்றால் அது உங்கள் கோயில். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊருக்குக் கிளம்பும்போது கொடைக்குப் போறேன் என்றுதான் சொல்வாள்.

“ரெண்டு வருஷமா கொடை நிக்கி” என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் தோண்டாதீர்கள். ஊருக்குள் பிணக்கு, வழக்கு, வரித் தகராறு ஏதாவது இருக்கும். சொல்கிறவருக்கு அது மனக்கஷ்டம். “சீக்கிரம் நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

இளைஞர்களைவிட ஆச்சிகளிடம் கேளுங்கள். “ஆச்சி, நம்ம சாமிக்கு என்ன படப்பு போடுவாங்க?” என்று தொடங்கினால் கதை முழுக்க வந்துவிடும். புதிதாக வந்த மருமகள் என்றால் மைனியிடம், அதாவது அண்ணி முறை உள்ளவரிடம், கேட்பது சுலபம். எந்தப் பூடத்துக்கு முதலில் தேங்காய் உடைப்பது, எந்தப் பக்கம் பெண்கள் நிற்பது என்று அவர்தான் கைப்பிடித்துக் காட்டுவார். வெளி ஆள் என்றால் “அண்ணாச்சி, இங்க செருப்பு எங்க கழட்டுறது?” என்பதே நல்ல தொடக்கம்.

மாடன், இசக்கி என்று எழுத்தில் படித்ததை அப்படியே மொட்டையாகச் சொல்லாதீர்கள். சுடலையாண்டவர், மாடசாமி, இசக்கியம்மை என்று மரியாதையோடு சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே ஒரு மாடசாமி, ஓர் இசக்கியம்மாள், ஒரு பேச்சிமுத்து இருப்பார்கள். அந்தப் பெயர்களெல்லாம் இந்தப் பூடங்களிலிருந்து வந்தவைதான். ‘பேய்’ என்ற சொல்லும் வேண்டாம். இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்த கால்டுவெல் இந்த வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றுதான் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழுக்கு அவர் செய்ததற்கு நான் தலைவணங்குகிறேன், இந்த ஒரு பெயரை மட்டும் ஏற்கமாட்டேன். ‘சிறுதெய்வம்’ என்பதும் புத்தகச் சொல். கும்பிடுகிறவர் முன்னால் அவர் சாமியைச் சிறியது என்று சொல்லாதீர்கள். குலசாமி, எங்க கோயில் சாமி என்று அவர் சொல்வதையே நீங்களும் சொல்லுங்கள்.

வரி கேட்டு வீட்டுக்கு வந்தால்

வாடகை வீட்டில் இருக்கும் புதியவர்கள் தயங்குவது இதற்குத்தான். உங்களிடம் கேட்பது தலைக்கட்டு வரி இல்லை, நன்கொடை. வரி, கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்கு மட்டும். அதனால் இவ்வளவு என்று கணக்கு கிடையாது, முடிந்ததைக் கொடுக்கலாம். ரசீது எழுதுவார்கள், பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். சில ஊர்களில் கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். பணமாகக் கொடுக்க மனமில்லை என்றால் எண்ணெய், பூ, சமையலுக்கு அரிசி, பருப்பு என்று பொருளாகவும் கொடுக்கலாம். “அபிஷேகத்துக்குப் பால் நான் வாங்கித் தாரேன் அண்ணாச்சி” என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வேறு சமயத்தவர், கொடுக்க விருப்பமில்லை என்றால் பணிவாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கொடுத்தவர் வீட்டுக்குக் கொடை முடிந்ததும் பிரசாதம் வரும். தேங்காய், பழம், திருநீறு, சில கோயில்களில் கறியும் இருக்கும். கறி சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தேங்காய் பழம் மட்டும் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தாமல், “வாங்க, கொடையெல்லாம் நல்லபடியா நடந்துச்சா?” என்று கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.